ஏஎல்பி 380, பக்கத்தில் ‘எச்’: எலும்புக் கட்டி ரத்தத்தில் தெரியுமா?

உங்கள் கேள்வி இது. அக்கா மகனுக்கு 14 வயது. இரண்டு மாதமாக வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி, லேசான வீக்கமும் இருக்கிறது. விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்று முதலில் விட்டுவிட்டீர்கள். வலி போகாததால் லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்கள். ரத்த அணுக்கள் எல்லாம் சரி, அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் 12, ஏஎல்பி என்ற நொதி மட்டும் 380, அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது ‘அதிகம்’. ஒருவர் “ஏஎல்பி ஏறினால் எலும்புப் புற்றுநோய்” என்று பயமுறுத்துகிறார். இன்னொருவர் “ஈஎஸ்ஆர் நார்மல்தானே, ஒன்றும் இருக்காது” என்கிறார். யார் சொல்வது சரி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இந்த வாரமே. அந்த 380-க்காக எடுக்கச் சொல்லவில்லை. வளரும் வயதுப் பையனுக்கு முழங்கால் பக்கத்தில், ஒரே காலில், இரண்டு மாதமாக வலியும் வீக்கமும் இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். அந்த இடத்தைத்தான் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் அதிகமாகத் தேடி வருகிறது. அவனுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்த வலிக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் அதை உறுதி செய்யக்கூடியது எக்ஸ்ரே, ரத்தம் இல்லை.

நான் மருத்துவ உயிர்வேதியியல் லேபில் நீண்ட காலமாக வேலை செய்கிறவன். ரத்தப் பரிசோதனை மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனாலேயே அது எங்கே பேசும், எங்கே வாய் திறக்காது என்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்த 380. ஏஎல்பி என்பது அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. எலும்பில் இதற்கு என்ன வேலை என்று 1923-ல் லண்டனில் ராபர்ட் ராபிசன் எழுதினார். வளரும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இது நிறைய இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து படிவதற்கு இது தேவைப்படுகிறது என்பது அவர் கண்டது. எலும்பு கட்டும் செல்கள் சுறுசுறுப்பாக இருந்தால் இந்த நொதி ரத்தத்தில் கூடும், அவ்வளவுதான். 14 வயதுப் பையனின் உடம்பில் அந்தச் செல்கள் ராப்பகலாக வேலை செய்கின்றன. அந்த வயதில் 400-ஐத் தாண்டினாலும் இயல்பு என்றே எடுத்துக்கொள்கிறோம். பல லேப்களின் கணினியில் பெரியவர்களுக்கான எல்லை மட்டும்தான் பதிந்திருக்கும். அது 120, 130 பக்கத்தில் முடிந்துவிடும். அதைத் தாண்டிய எதற்கும் கணினி தானாகவே ‘எச்’ போட்டுவிடும். ஆக, அந்த எழுத்து பையனின் எலும்பு வளர்வதைத்தான் சொல்கிறது.

அதே 380 ஒரு 50 வயதுக்காரருக்கு வந்திருந்தால் கதை வேறு. அங்கேயும் எலும்புதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. கல்லீரலிலும் இந்த நொதி உண்டு, பித்த நாளம் அடைத்தால் இது ஏறும். ஜிஜிடி என்ற இன்னொரு நொதியைச் சேர்த்துப் பார்ப்போம். இரண்டும் ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் போவோம், ஏஎல்பி மட்டும் ஏறியிருந்தால் எலும்பைப் பார்ப்போம். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து வரும். முறிந்த எலும்பு கூடும்போது ஏறும். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு ஏறும். நம் ஊரில் இந்தக் கடைசிக் காரணம் மிகவும் சாதாரணம்.

சரி, உண்மையிலேயே ஆஸ்டியோசார்கோமா இருந்தால் ஏஎல்பி ஏறுமா? சிலருக்கு நன்றாக ஏறும். ஏனென்றால் அந்தப் புற்றுநோயின் செல்களே முறையில்லாமல் எலும்பு கட்டுகிற செல்கள். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஈஎஸ்ஆர், ரத்த அணுக்கள் எல்லாம் சுத்தமாக இருக்கலாம். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்க, ரத்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடத் தடித்த எழுத்தில் இல்லாமல் போகலாம். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே மாதங்கள் போனபிறகு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வரும் வருத்தம் கொஞ்சமில்லை. நீவுவதால் கட்டி கரையாது, காலம்தான் போகும். தயவுசெய்து அவன் காலை யாரையும் நீவ விடாதீர்கள்.

நோய் உறுதியான பிறகு இதே ஏஎல்பி மிகவும் பயனுள்ளதாகிவிடும். சிகிச்சைக்கு முன் அதிகமாக இருந்தால் நோயின் சுமை கூடுதல் என்று ஓரளவு தெரியும். கீமோவும் அறுவையும் முடிந்து அது இறங்கினால் நல்ல சேதி. இறங்கியது பிறகு திரும்ப ஏறினால், நுரையீரலை ஸ்கேன் செய்து பார்க்கத் தோன்றும். எல்டிஎச் என்ற நொதியும் இப்படித்தான். யூயிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோயில் அதன் அளவை ஆரம்பத்திலேயே குறித்துவைப்பார்கள். இங்கே ஒரு லேப்காரனின் எச்சரிக்கை: ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் எல்டிஎச் பொய்யாக ஏறும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் தவறி மற்றக் குழாயில் கலந்தால், அதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்துள்ள ஈடிடிஏ என்ற பொருள் கால்சியத்தையும் ஏஎல்பியையும் பொய்யாக இறக்கிவிடும், பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ஒரே ஒரு எண் மட்டும் வினோதமாக வந்தால், பயப்படுவதற்கு முன் புதிதாக ரத்தம் எடுத்து இன்னொரு முறை பாருங்கள்.

யூயிங் சார்கோமா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரத்தம் நம்மைத் தவறான பக்கம் அனுப்பும் இடம் அது. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வருவது. வலி, வீக்கம் மட்டும் இல்லாமல் காய்ச்சலும் வரலாம். ஈஎஸ்ஆர் ஏறலாம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதமும் ஏறலாம், வெள்ளை அணுக்கள் கூடலாம், ரத்தசோகை இருக்கலாம். அப்படி வந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் எலும்பில் சீழ் பிடித்தது போலவே தெரியும். திறந்து பார்த்தால் உள்ளே வரும் கூழும் சில நேரம் சீழ் மாதிரியே இருக்கும். நம் நாட்டில் இதோடு எலும்புக் காசநோயும் சேர்ந்துகொள்கிறது. ஈஎஸ்ஆர் 80, 90 என்று வந்தவுடன் ‘டிபியாகத்தான் இருக்கும்’ என்று சதையெடுத்துப் பார்க்காமலே மாத்திரை ஆரம்பித்துவிடுவது உண்டு. ஈஎஸ்ஆர் என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். காசநோயா, சீழா, புற்றுநோயா என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. அனுபவமுள்ள எலும்பு அறுவை மருத்துவர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: கட்டி என்று நினைத்து எடுத்த சதையையும் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவார்கள், சீழ் என்று நினைத்து எடுத்ததையும் நுண்ணோக்கியில் பார்க்கப் பேத்தாலஜிக்கு அனுப்புவார்கள்.

எலும்பு வலியோடு வரும் குழந்தைக்கு ரத்தம் கட்டாயம் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது ரத்தப் புற்றுநோய். லுக்கீமியா சில குழந்தைகளுக்குக் கால்வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். இரவில் அழுதுகொண்டு எழுவார்கள், நொண்டுவார்கள். மூட்டுவாதம் என்றுகூடத் தோன்றும். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, ஹீமோகுளோபின் இறங்கியிருந்தாலோ, மெஷின் கொடுத்த எண்ணோடு நிறுத்தாமல் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் எண்ணிக்கை ஏறக்குறையச் சரியாகவே இருப்பதும் உண்டு. ஆகவே காரணம் தெரியாத எலும்பு வலிக்கு யாராவது ஸ்டீராய்டு கொடுக்க வந்தால், முதலில் இதைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு லுக்கீமியாவைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும், அப்புறம் நோயைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

இனி, குருத்தெலும்புக் கட்டிகள். இங்கே ரத்தம் ஏறக்குறைய மௌனம். குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அதன் செல்கள் தங்களைச் சுற்றிக் கூழ் போன்ற ஒன்றைச் சுரந்துகொண்டு, அதற்குள்ளேயே மெதுவாக வாழ்கின்றன. அவற்றிலிருந்து வளரும் கட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். என்காண்ட்ரோமா என்ற சாதுவான கட்டி என்றாலும் சரி, காண்ட்ரோசார்கோமா என்ற புற்றுநோய் என்றாலும் சரி, ரத்தத்தில் அளந்து கண்டுபிடிக்கக்கூடிய பொருள் எதுவும் இன்றுவரை நடைமுறையில் இல்லை. நடுவயதைத் தாண்டியவருக்கு இடுப்பிலோ தொடையிலோ ஓய்வெடுத்தாலும் போகாத வலி இருந்து, எக்ஸ்ரேயில் வளையம் வளையமாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால், அதுதான் துப்பு. அதற்குப் பிறகு எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்சி, அதாவது சதையெடுத்துப் பார்ப்பது. சாதுவானதையும் மெதுவாக வளரும் புற்றையும் நுண்ணோக்கியில் பிரிப்பதுகூடச் சில நேரம் கடினம். பேத்தாலஜிஸ்ட், ரேடியாலஜிஸ்ட், அறுவை மருத்துவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். ஐடிஎச் என்ற ஜீனில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டியின் சதையில்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பரம்பரையாக வரும் பல ஆஸ்டியோகாண்ட்ரோமாக்கள். முழங்கால், தோள், மணிக்கட்டு என்று பல இடங்களில் சிறுவயதிலிருந்தே எலும்பு முண்டுகள் முளைக்கும் குடும்பங்கள் உண்டு. இஎக்ஸ்டி-1, இஎக்ஸ்டி-2 என்ற ஜீன்களில் ஒன்றில் இருக்கும் பிழையை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தப் பரிசோதனையும் முண்டு புற்றாக மாறியிருக்கிறதா என்று சொல்லாது. வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு ஒரு முண்டு திடீரெனப் பெரிதாவதும் வலிப்பதும்தான் அதற்கான அறிகுறி.

இவ்வளவு நேரம் ரத்தம் எங்கே போதாது என்றே பேசிவிட்டேன். அது முடிவையே மாற்றிவிடும் இடங்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

எலும்பை அரித்துக்கொண்டு, குமிழ் குமிழாக ஒரு கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாப்சியில் ராட்சத செல்கள் தெரிகின்றன. ஜயன்ட் செல் டியூமர் என்று எழுதி, எலும்பைச் சுரண்டி எடுக்க நாள் குறிக்கிறார்கள். ஆனால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதால் வரும் பிரவுன் டியூமர் என்ற ஒன்றும் நுண்ணோக்கியில் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும். அது புற்றும் இல்லை, உண்மையான கட்டியும் இல்லை. இரண்டையும் பிரிப்பது ரத்தம்: கால்சியம் ஏறி, பாஸ்பரஸ் இறங்கி, பாராதைராய்டு ஹார்மோன் மிக அதிகமாக இருந்தால் கத்தி போக வேண்டிய இடம் கழுத்து. சுரப்பியை எடுத்தால் எலும்பு பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். இதை உலகம் கற்றுக்கொண்டது 1925-ல், வியன்னாவில். எலும்பெல்லாம் பொடிந்து கிடந்த ஒரு டிராம் வண்டி ஊழியருக்கு, சுரப்பி போதவில்லை என்று நினைத்து, முதலில் ஃபீலிக்ஸ் மாண்டல் என்ற மருத்துவர் பாராதைராய்டு சாறு கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. பிறகு கழுத்தைத் திறந்து சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார், நோயாளி எழுந்து நடந்தார். பின்னாளில் அவருக்கு நோய் திரும்பியது உண்மைதான். ஆனால் எலும்பின் நோய்க்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வைட்டமின் டி குறைவும் சேர்ந்திருந்தால் கால்சியம் ஏறாமல் சாதாரணமாகவே தெரியலாம். அதனால் ராட்சத செல் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் கால்சியத்தோடு நிற்காமல் பாராதைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் டி-யையும் பாருங்கள்.

பாஸ்பரஸ் பற்றி ஒன்று. வழக்கமான செக்கப் பட்டியலில் பெரும்பாலும் இது இருக்காது. உடம்பெல்லாம் எலும்பு வலி, நடக்கவே தடுமாற்றம், அடிபடாமலே முறிவு, எத்தனை டாக்டரைப் பார்த்தும் காரணம் தெரியவில்லை, சிலர் மனப்பிரச்சினை என்றுகூடச் சொல்லிவிட்டார்கள் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்பரஸ் மிகக் குறைவாக, ஏஎல்பி உயர்ந்து, கால்சியம் சரியாக இருந்தால், உடம்பில் எங்கோ பட்டாணி அளவில் ஒரு சிறு கட்டி ஒளிந்திருக்கலாம். அது எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரந்து பாஸ்பரஸைச் சிறுநீரில் கொட்டவைக்கிறது. கட்டிதான் காரணம் என்று முதலில் இணைத்துப் பார்த்தவர் ஆண்ட்ரியா பிராடர், 1959-ல். ஒரு சிறுமியின் விலா எலும்பில் இருந்த கட்டியை எடுத்ததும் அவளுடைய ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மென்மையாகும் நோய் குணமானது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை ஒருவரை வருடக்கணக்கான படுக்கையிலிருந்து எழுப்பும் இடம் இது.

அப்புறம் மல்டிபிள் மைலோமா. நாற்பது வயதுக்கு மேல் எலும்பில் ஓட்டை தெரிந்தால், அங்கேயே பிறந்த கட்டியைவிட, வேறிடத்துப் புற்று பரவியதும் மைலோமாவும்தான் அதிகம். மைலோமா எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களின் புற்று. 1845-ல் லண்டனில் ஒரு வியாபாரியின் சிறுநீரை வேதியியல் தெரிந்த டாக்டர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பினார்கள். அதில் இருந்த புரதம் சூடாக்கினால் கரைந்தது, ஆறினால் திரும்ப உறைந்தது. அந்த நோயாளி 1846 ஜனவரி முதல் தேதியே இறந்துபோனார். ஆனால் புற்றுநோயைக் காட்டும் வேதிப்பொருள் என்று முதலில் மனிதனுக்குக் கிடைத்தது அந்தப் புரதம்தான். இன்றைக்கு சீரம் எலக்ட்ரோஃபோரசிஸ், ஃப்ரீ லைட் செயின் என்ற ரத்தப் பரிசோதனைகளில் அதைத் துல்லியமாகப் பார்க்கிறோம்.

இதற்கான துப்பு பல நேரம் சாதாரண ரிப்போர்ட்டிலேயே கிடக்கும். மொத்தப் புரதம் 9.5, ஆல்புமின் 3 என்றால் நடுவில் இருக்கும் 6.5 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். முதுகுவலி, ரத்தசோகை, நூறைத் தாண்டிய ஈஎஸ்ஆர், கிரியாட்டினின் ஏற்றம் இவற்றோடு அந்த இடைவெளியும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்க்கும் சோதனை ஆல்புமினைத்தான் பிடிக்கும், இந்தப் புரதத்தைத் தவறவிட்டுவிடும். மைலோமாவில் ஏஎல்பி பெரும்பாலும் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். எலும்பு அரிக்கப்படுகிறது, ஆனால் கட்டும் செல்கள் முடங்கிக் கிடக்கின்றன, நொதி எங்கிருந்து வரும்? ‘எலும்பில் புற்று வந்தால் ஏஎல்பி ஏறும்’ என்று சொன்னவர் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

வயதானவருக்கு முதுகெலும்பில் வெள்ளையாக இறுகிய புள்ளிகள் தெரிந்தால் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை பார்ப்பது சரியான வழி, புராஸ்டேட் புற்று அப்படித்தான் எலும்பில் தங்கும். ஆனால் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று சேர்த்து விற்கும் சிஇஏ, சிஏ-125 போன்றவை எலும்பிலேயே தோன்றும் கட்டிகளுக்கு எந்தப் பயனும் தராது. அக்கா மகனுக்கு அதைச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். எலும்பு மருத்துவரிடம் போய், வலிக்கும் இடத்துக்கு நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுங்கள். தொடை எலும்பின் கீழ்ப்பாதி முழுக்கத் தெரிய வேண்டும், மூட்டை மட்டும் எடுத்தால் போதாது. இரவில் வலி அவனை எழுப்புகிறதா, ஓய்வெடுத்தாலும் வலிக்கிறதா என்று அவனிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி மூன்று, நான்கு வாரத்தில் போகவில்லை என்றால் எம்ஆர்ஐ கேளுங்கள். இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இந்த வயதில் இடுப்புக் கோளாறு முழங்கால் வலியாகத் தெரிவது உண்டு.

எக்ஸ்ரேயில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால், பக்கத்து மருத்துவமனையில் அவசரமாக பயாப்சி செய்துவிடாதீர்கள். ஊசி போகும் பாதையையும் பின்னால் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். பாதை தவறினால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பே குறையலாம். எந்த மையத்தில் அறுவை நடக்குமோ, அங்கேயே பயாப்சியும் நடக்கட்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மையங்களில் இதற்கென்றே பழகியவர்கள் இருக்கிறார்கள்.

கையில் இருக்கும் ரத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி தெரியும்படி ஃபைலில் வையுங்கள். மருத்துவரிடம் காட்டும்போது வயதைச் சொல்லி, அந்த ‘எச்’ பெரியவர்களின் எல்லைப்படி போட்டது என்றும் சொல்லுங்கள். பின்னால் எப்போதாவது அவனுக்கு ஏஎல்பி பார்க்க வேண்டி வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த 380 தேவைப்படும்.